மலைக் குளிரில் கிளம்ப மறுக்கும் கார்: சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

டிசம்பர் பாதியில் நீலகிரியில் நீர்ப்பனி போய் உறைபனி விழத் தொடங்கும். ஊட்டியில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கத்துப் புல்வெளிகளில் அதற்கும் கீழே போகும். அந்த நாட்களில் காலை ஆறு மணிக்குத் தெருவுக்கு ஒரு வண்டியாவது விடாமல் செல்ஃப் அடித்துக்கொண்டிருக்கும். பத்து முறை, இருபது முறை அடித்த பிறகு அந்தச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றுவிடும். பிறகு மெக்கானிக்கைத் தேடுவார்கள். அவர் வந்து பார்க்கும்போது பேட்டரி முழுவதுமாக இறங்கியிருக்கும். பழுது முதலில் எங்கே இருந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: முதல் முயற்சியைக் கவனமாகக் கேளுங்கள். சாவியைத் திருப்பிய முதல் ஐந்து விநாடியில் வண்டி என்ன சத்தம் எழுப்புகிறது, விளக்கு என்ன ஆகிறது, சைலன்சரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம் என்பதைப் பார்த்தாலே பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பேட்டரியை மாற்றிப் பார்ப்போம், பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை.

குளிர் புதிதாக ஒரு பழுதை உண்டாக்குவது அபூர்வம். ஏற்கெனவே பலவீனமாக இருந்த ஒன்றை அது வெளியே கொண்டுவருகிறது. பூஜ்ஜியம் டிகிரியில் பேட்டரி தரக்கூடிய சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாவதால், செல்ஃப் மோட்டார் வழக்கத்தைவிட அதிகச் சக்தியைக் கேட்கிறது. எரிபொருளும் எளிதில் ஆவியாவதில்லை. இவற்றோடு ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் டீசல் எஞ்சினுக்கு இது இரட்டைச் சோதனை.

சமவெளியிலிருந்து மேலே வரும் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேட்டரியின் ஆயுளை உண்மையில் குறைப்பது வெயில். மதுரையிலும் வேலூரிலும் மூன்று நான்கு கோடையைப் பார்த்த பேட்டரியின் உள்தகடுகள் அரித்துப் போயிருக்கும். ஆனாலும் அங்கே காலை இருபத்தைந்து டிகிரியில் அது வண்டியைக் கிளப்பிவிடும். அதே பேட்டரி ஒரு விடுதியின் திறந்த வாசலில் ஓர் இரவு நின்றால் கைவிட்டுவிடும். உரிமையாளரோ, 'நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது' என்பார். அவர் சொல்வது உண்மைதான்.

சாவியைத் திருப்பும் முன்

ஹீட்டர் மின்விசிறி, முகப்பு விளக்கு, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்சை முழுவதுமாக மிதியுங்கள். கியர் பெட்டிக்குள் இருக்கும் ஆயிலும் குளிரில் கெட்டியாகியிருக்கும். கிளட்சை மிதித்தால் அதைச் சுழற்றும் வேலை செல்ஃப் மோட்டாருக்கு இல்லாமல் போகும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்து இரண்டு விநாடி காத்திருங்கள். டீசல் வண்டியானால் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுங்கள். அதன் பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு அடுத்த முயற்சி. அந்த ஒரு நிமிடத்தில் செல்ஃப் மோட்டார் ஆறும், பேட்டரியும் ஓரளவு மீளும்.

கேட்டது எது என்று கீழே பாருங்கள்.

சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம்

உள் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். முகப்பு விளக்கை நம்ப வேண்டாம். புதிய கார்கள் பலவற்றில் செல்ஃப் அடிக்கும்போது அது தானாகவே அணைந்துவிடும்.

உள் விளக்கு முதலிலேயே எரியவில்லை என்றால் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் (பேட்டரியில் ஒயர் மாட்டும் இணைப்பு) கழன்றிருக்கிறது. விளக்கு நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பிய நொடியில் முற்றிலும் மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் பிடிப்பு மோசம். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால் அதுவும் பெரும்பாலும் இதே கதைதான். செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டு இழுக்கிறது. இழுத்தவுடன் மோட்டார் கேட்கும் மின்சாரம் கிடைக்காமல் வோல்ட் விழுகிறது. பிடி தளர்கிறது. மறுபடி இழுக்கிறது.

விளக்கு கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிகிறது, 'டிக்' என்ற சத்தமும் வரவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃப் மோட்டாருக்குக் கட்டளையே போகவில்லை. கிளட்ச் மிதிக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் நிலை சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே (செல்ஃப் மோட்டாருக்கான மின் சுவிட்ச்), பியூஸ் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியில், சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரியும் குளிரில் சோர்ந்துபோகும். சாவியையே பொத்தானுக்கு ஒட்டி வைத்து அழுத்திப் பாருங்கள். பல வண்டிகளில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு கனத்த 'டிக்' மட்டும் கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால் சொலினாய்டின் உள் தொடுமுனையோ, மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். செல்ஃப் மோட்டாரின் உடம்பை ஒரு மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கிளம்பிவிட்டால் பிரஷ் தேய்ந்திருப்பது ஏறக்குறைய உறுதி. அன்றைக்கே மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள். தட்டிக் கிளப்புவது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது.

மோட்டார் 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றும் சத்தம் வருகிறது, ஆனால் எஞ்சின் அசையவே இல்லையா? செல்ஃப் மோட்டாரின் பெண்டிக்ஸ் பல்சக்கரம் முன்னால் வந்து எஞ்சினோடு இணையவில்லை. அது ஓடும் தண்டில் பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து குளிரில் இறுகிவிடும். மதியம் வெயிலில் இதே வண்டி ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும். கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். அதற்குப் புதிய மோட்டார் வாங்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இழுத்து இழுத்து மெதுவாக

மலையில் அதிகம் பார்ப்பது இதைத்தான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். மெதுவாகச் சுற்றினால் உடனே 'பேட்டரி போச்சு' என்பார்கள். பேட்டரியாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத் தேவையானது சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றுதான்.

பானெட்டைத் திறந்து முதலில் டெர்மினல்களைக் கண்ணால் பாருங்கள். வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாகப் பொடி பூத்திருக்கிறதா? கையால் பிடித்துத் திருகினால் கிளாம்பு அசைகிறதா? கொஞ்சம் அசைந்தாலும் அது தளர்வுதான். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடி துவாரத்துக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. பேட்டரி முள்ளையும் (கிளாம்பு கவ்வும் ஈய முனை) கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து, பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற வரிசையில் இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மெதுவாகச் சுற்றும் வண்டிகளில் கணிசமானவை இந்த அரை மணி நேர வேலையிலேயே சரியாகிவிடும்.

அடுத்து வோல்ட். வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, எதையும் போடாமல் பேட்டரி முள்ளில் அளந்தால் 12.6 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். வண்டி ஓடி நின்ற உடனே அளக்காதீர்கள். மேல்பூச்சாக நிற்கும் சார்ஜ் பொய்யான உயர்ந்த எண்ணைக் காட்டும்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குளிர் பேட்டரியின் பலத்தைக் குறைக்குமே தவிர, ஓய்வு வோல்ட்டை ஒரே இரவில் அவ்வளவாகக் குறைக்காது. இரவு படுக்கப் போகும் முன் 12.6 காட்டியது காலையில் 12.1 ஆகியிருந்தால் பழி குளிர்மேல் இல்லை. ஒன்று, எங்கோ மின்சாரம் கசிகிறது. பின்னாளில் பொருத்திய டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி, மூடியும் அணையாத டிக்கி விளக்கு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். அல்லது பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்களில் (தனித்தனி அறைகளில்) ஒன்று செத்திருக்கிறது. கசிவைப் பிடிக்க நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் இணையுங்கள். வண்டியைப் பூட்டி, உள்ளே இருக்கும் கருவிகளெல்லாம் உறங்கிவிட அரை மணி நேரம் விட்டு எண்ணைப் படியுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. மீட்டர் இணைந்திருக்கும்போது மட்டும் மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மீட்டரின் பியூஸ் போய்விடும்.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியானால் உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையாகப் பேசும். முழு சார்ஜில் ஆறு செல்லும் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். ஐந்து செல் ஒரே மாதிரி இருந்து, ஒன்று மட்டும் 0.050 அல்லது அதற்கு மேல் இறங்கி நின்றால் அந்தப் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பயனில்லை. தட்டுகள் வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஊட்டியின் குழாய்த் தண்ணீர் எவ்வளவு சுவையாக இருந்தாலும் அது இதற்கு ஆகாது.

இப்போது முக்கியமான சோதனை. மீட்டரைப் பேட்டரி முள்ளிலேயே வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். கடுங்குளிரில் 9.4 வரை பொறுத்துக்கொள்ளலாம். எண் 10.5, 11 என்று நன்றாக நிற்கிறது, ஆனாலும் மோட்டார் மெதுவாகவே சுற்றுகிறது என்றால் பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் எங்கோ தடை.

அந்தத் தடை பெரும்பாலும் எர்த் ஒயர், அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் வண்டியின் உடம்போடும் இணைக்கும் ஒயர். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முள்ளில் வையுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈய முள்ளிலேயே வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரோ, அது பொருந்தும் போல்ட்டோ கெட்டிருக்கிறது. இதே முறையில் பாசிட்டிவ் முள்ளுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவில் அளந்தால் அந்த ஒயரின் நிலை தெரியும்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஜீப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரே குளிர்காலத்தில் அதற்கு இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார்கள். மூன்றாவதையும் வாங்கத் தயாராக இருந்தார்கள். பேட்டரி முள்ளில் செல்ஃப் அடிக்கும்போது 11 வோல்ட் நின்றது, எர்த் பக்கம் அளந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை வெளியே பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது. கையால் வளைத்ததும் பச்சைப் பொடி கொட்டியது. உள்ளே செம்பு இழைகள் பாதிக்குமேல் அறுந்திருந்தன. தோட்டத்து ஈரமும் உரமும் வருடக்கணக்காக வேலை செய்திருந்தன. ஒரு புதிய பட்டை போட்டதும் ஜீப் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பேட்டரிக் கடைக்குப் போகும் முன் இந்தச் சோதனையைச் செய்யும்படி எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

பேட்டரி நன்று, ஒயர் நன்று, இருந்தும் மெதுவாகச் சுற்றுகிறதா? கடைசியாக ஆயில். ஆயில் கேனில் 'டபிள்யூ' எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண்தான் குளிரில் அது எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் என்றால் குளிரிலும் இளக்கம். 5டபிள்யூ-30 போடச் சொல்லியிருக்கும் வண்டிக்கு, 'வண்டி பழசாகிவிட்டது, கெட்டி ஆயில் போட்டால் சத்தம் குறையும்' என்று 20டபிள்யூ-50 ஊற்றிவிடும் பழக்கம் சமவெளியில் இருக்கிறது. அங்கே அது தெரியாது. ஊட்டியில் ஜனவரி காலையில் தெரியும். கையேட்டில் சொல்லியிருக்கும் தரத்துக்குத் திரும்புங்கள்.

பெட்ரோல் வண்டி: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மறுக்கிறது

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பெட்ரோல் பம்பு ஓடும் சத்தம் வர வேண்டும். அது இல்லை என்றால் பம்பின் பியூஸ், ரிலே. சத்தம் வருகிறது, ஆனால் வெகுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது என்றால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன், ஆஃப் என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு விநாடி விட்டுத் திருப்பிவிட்டு, அதன் பிறகு கிளப்புங்கள். உடனே பிடித்தால் இரவில் பெட்ரோல் அழுத்தம் குழாயிலிருந்து இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்பின் ஒருவழி வால்வோ, சொட்டும் இன்ஜெக்டரோ (பெட்ரோலைத் தெளிக்கும் முனை) காரணம்.

குளிரில் மட்டும் பிடிக்காமல், மதியம் நன்றாகப் பிடிக்கும் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது கூலன்ட் வெப்பநிலை சென்சாரை. இன்றைய வண்டிகளில் சோக் (குளிரில் பெட்ரோலைக் கூட்ட இழுக்கும் பிடி) கிடையாது. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை இந்த சென்சார் சொல்ல, அதற்கேற்பக் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. சென்சார் பொய் சொன்னால் கணக்குக் கெட்டுவிடும். டேஷ்போர்டுக்கு அடியில் செருகும் ஸ்கேனர் ஒன்றை வைத்து, விடியற்காலையில் கிளப்பும் முன் கூலன்ட் வெப்பநிலையைப் படியுங்கள். வெளியே 3 டிகிரி என்றால் அதுவும் 3, 4 என்று காட்ட வேண்டும். அது 50 காட்டினால் சென்சார் கெட்டுவிட்டது. மைனஸ் 40 காட்டினால் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கிறது. அப்போது வேண்டியதற்கு மேல் பெட்ரோல் ஊற்றப்பட்டு பிளக் நனைந்துபோகும்.

பிளக் நனைந்துபோன வண்டியில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்படி மிதித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். பிடிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 இன்னும் மலையில் ஓடுகிறது. அதற்கு சோக்கை முழுவதும் இழுத்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளப்ப வேண்டும். பிடித்த பிறகு சோக்கைப் படிப்படியாக உள்ளே தள்ளுங்கள். மூடுபனிக் காலையில் பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் பொறி வழிதவறிப் போகும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். கேஸில் ஓடும் வண்டியைக் குளிரில் எப்போதும் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும்.

டீசல் வண்டி: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மறுக்கிறது

ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் வண்டியின் பின்னால் நின்று சைலன்சரைப் பாருங்கள். டீசலில் பாதி நோயைப் புகையே சொல்லிவிடும்.

கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. டீசல் எரிய வேண்டிய அறைக்குள் போதுமான சூடு இல்லை. முதல் சந்தேகம், கிளப்பும் முன் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்மேல். இண்டிகா, பழைய சுமோ போன்ற வண்டிகளில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரியும். அவ்வகை எஞ்சின் குளிரில் ஹீட்டர் பிளக்கையே நம்பி இருக்கிறது. நான்கில் இரண்டு போனாலும் காலையில் திணறும். உயர் அழுத்தத்தில் டீசலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் காமன் ரெயில் வண்டிகள் இதை ஓரளவு தாங்கும். ஆனால் கிளம்பியதும் ஓரிரு நிமிடம் தடதடவென்று ஆடும், வெள்ளையாகப் புகையும்.

சோதிக்கும் முறை எளிது. ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வையுங்கள். ஏறத்தாழ 0.5 முதல் 2 ஓம் வரை காட்டினால் பிளக் உயிரோடு இருக்கிறது. எண்ணே வராமல் திறந்த சுற்று என்று காட்டினால் உள் கம்பி அறுந்துவிட்டது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால், சாவி ஆன் நிலையில் பட்டைக்குப் பேட்டரி வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ரிலேதான் கோளாறு. பழைய பிளக்கைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஊடுருவும் எண்ணெய் விட்டு, மெல்லத் திருகுங்கள். உள்ளே முறிந்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

பிளக்கும் ரிலேயும் நன்றாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை) சோதிக்கக் கொடுங்கள். அதிகம் ஓடித் தேய்ந்த டீசல் எஞ்சின் சமவெளியில் சமாளித்துவிடும். மெலிந்த காற்றும் குளிரும் சேர்ந்த மலையில் அதனால் முடியாது.

புகையே வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. டீசல் ஃபில்டரின் மேல் இருக்கும் கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். இரவில் நன்றாக இருந்தது காலையில் தொளதொளவென்று அமுங்கினால் குழாயில் எங்கோ காற்று உள்ளே போகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிட்டது. பம்பு கையில் இறுகும் வரை அடித்துக் கிளப்பலாம். ஆனால் குழாய் இணைப்புகளையும் ஃபில்டர் வாஷரையும் மாற்றும் வரை தினமும் இதே வேலைதான். கைப்பம்பு அமுங்க மறுத்து உடனே கல்லாக இறுகினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள்.

ஃபில்டரை மெழுகும் அடைக்கலாம். குளிர்காலத்தில் சமையலறையில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, டீசலில் கரைந்திருக்கும் மெழுகும் குளிரில் துகள்களாகத் திரண்டு ஃபில்டரில் அடையும். இந்தியத் தர நிர்ணயம் குளிர்கால டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு 6 டிகிரியையும், கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரியையும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதாவது விதிப்படி சரியான டீசலே பூஜ்ஜியத்தை ஒட்டிய காலையில் தடுமாற இடமிருக்கிறது. லடாக்கில் இந்தத் தொல்லை மிகக் கடுமை என்பதால் இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் தனி டீசலை அங்கே கொண்டுவந்தது. நீலகிரிக்கு அவ்வளவு தேவையில்லை. அடைத்த ஃபில்டரை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் மெழுகு இளகிவிடும். பழைய ஓட்டுநர்கள் மண்ணெண்ணெய் கலப்பார்கள். இன்றைய காமன் ரெயில் பம்பு டீசலின் வழுவழுப்பை நம்பியே ஓடுகிறது. மண்ணெண்ணெய் அதைத் தேய்த்து, பெரிய செலவில் கொண்டுபோய் விடும். செய்யவே செய்யாதீர்கள்.

பிடித்த உடனே அணைந்துவிடுகிறது

சாவி படம் போட்ட விளக்கு மினுக்கினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியால் முயன்று பாருங்கள். விளக்கு இல்லை என்றால் பெட்ரோல் வண்டியில், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும், டீசலில் மேலே சொன்ன காற்றுக் கசிவையும் பாருங்கள்.

அந்தக் காலையை எப்படியாவது கடப்பது

இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுப்பதானால் இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் அணைந்திருக்கட்டும். சிவப்பு ஒயரை முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையைக் கிளம்பாத வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பேட்டரிக்கு மேல் ஹைட்ரஜன் வாயு நிற்கலாம். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும் என்பதால் அதைத் தள்ளி வைக்கிறோம். நல்ல வண்டியைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு முயலுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக்குங்கள். பக்கத்தில் பஸ்ஸோ லாரியோ நிற்கிறது என்று அதிலிருந்து எடுக்காதீர்கள். பெரிய வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடுபவை. உங்கள் காரின் கணினி அந்த நொடியிலேயே எரிந்துவிடலாம்.

சரிவில் உருட்டிக் கிளப்புவது மலையில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதற்காகவே சக்கரத்துக்குக் கல் வைத்து இறக்கத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். இதில் எனக்கு உண்மையான பயம் இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது. ஸ்டீரிங்கும் கனத்துவிடும். கல்லட்டி போன்ற கொண்டை ஊசிச் சரிவில் வண்டி பிடிக்காமல் போனால் அதை நிறுத்த முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். நேரான, முடிவில் சமதளம் இருக்கிற இடத்தில் மட்டும், சாவி ஆன் நிலையில், இரண்டாவது கியரில் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இது முடியவே முடியாது.

மூன்று விஷயங்களுக்கு எந்தச் சூழ்நிலையிலும் இடம் கொடுக்காதீர்கள். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினில் ஈதர் தெளிப்பானை (எளிதில் தீப்பற்றும், எஞ்சினைக் கிளப்ப அடிக்கும் ஸ்பிரே) அடிக்காதீர்கள். பழுத்த பிளக்கில் பட்டு உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைக்கலாம். டீசல் டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திச் சூடு காட்டாதீர்கள். உறைபனி படிந்த முன்கண்ணாடியில் கொதிநீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

மேலே வரும் முன் செய்ய வேண்டியவை

பேட்டரிக்கு மூன்று வருடம் தாண்டியிருந்தால் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ கடையில் லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்து பேட்டரியின் பலத்தைப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டு ஏறுங்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் மாற்றி, கையேட்டில் சொன்ன விகிதத்தில் கூலன்ட் ஊற்றுங்கள். உறைபனி இரவில் வெறும் தண்ணீரை நம்ப முடியாது. கிளப்பிய பிறகு பேட்டரி முள்ளில் ஒருமுறை அளந்துவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், ஓடும் எஞ்சினிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் ஏற்றவில்லை, எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் மூன்றாம் நாள் இறங்கிவிடும்.

இரவில் சுவர் ஓரமாக, முடிந்தால் கூரைக்கு அடியில், காலை வெயில் முதலில் விழும் திசையில் எஞ்சினை வைத்து நிறுத்துங்கள். கைக்கடக்கமான லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் காரிலேயே விட்டுவிடாமல் அறைக்குள் எடுத்துப் போங்கள். அதுவும் குளிரில் சோர்ந்துபோகும் பேட்டரிதான்.